பெரிய புள்ளி

டீமுக்கு ஒரு புரோகிராமர் இப்படி இருப்பார்: கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் (Git) அவருக்குத் தெரிந்தது நாலு கமாண்ட்: ஆட், கமிட், புஷ், புல். நாலு போதும்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வில்லங்கமெல்லாம் அவர் வைக்கும் புள்ளியில். எந்த ஃபைல் வேண்டும், எது வேண்டாம் என்று பார்க்காமல் 'கிட் ஆட்' அடித்து ஒரு புள்ளி வைப்பார்; பாஸ்வேர்ட் எழுதி வைத்த ஃபைல் உட்பட ஃபோல்டரே வண்டியேறிவிடும். அடுத்து, என்ன மாற்றினீர்கள், ஏன் என்று எழுத கமிட் மெசேஜ். அதைக் காலியாக விட்டால் கிட் ஏற்காது. ஆகவே அங்கேயும் ஒரு புள்ளி. உற்சாகமான நாள்களில் மட்டும் 'ஃபிக்ஸ்'.

கோடே பேசும்போது மெசேஜ் எதற்கு என்பது அவர் கட்சி. பாதி உண்மை. சர்வருக்காகக் காத்திருக்கும் நேரம் 30 நொடியிலிருந்து 45 ஆனது கோடில் தெரியும். ஏன் ஆனது என்று தெரியாது. வில்லங்கச் சான்றில் வரிக்கு வரி 'ஏதோ நடந்தது' என்றிருந்தால் அந்த மனைக்கு அவர் அட்வான்ஸ் கொடுப்பாரா? நேரமில்லை என்பதும் எடுபடாது. மதியம் பிரியாணி எங்கே என்று குரூப்பில் எழுத மட்டும் பத்து வரி வருகிறது. கிட்டை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே 2005 ஏப்ரலில் அதன் முதல் கமிட்டில், இது நரகத்திலிருந்து வந்த தகவல் மேலாளர் என்று விளையாட்டாகத்தானே எழுதினார் என்பார். விளையாட்டுத்தான், ஆனால் வந்திறங்கிய சாமான் என்ன என்பது அதில் இருந்தது. அதே டோர்வால்ட்ஸின் லினக்ஸ் கர்னலுக்கு ஒற்றை வரித் திருத்தம் அனுப்பினாலும், எந்தக் கோளாறுக்காக என்று எழுதியாக வேண்டும்.

பிறகு திருத்திக்கொள்ளலாமே என்றால், கமிட்டின் 40 எழுத்து அடையாளமே மெசேஜையும் சேர்த்துக் கணக்கிடப்படுவது. மெசேஜைத் தொட்டால் அதுவும் மாறும், அதன்மேல் வந்த கமிட்களின் அடையாளமும் மாறும். குளோன் எடுத்த ஒவ்வொருவர் மெஷினிலும் முழு வரலாறும் உட்கார்ந்திருப்பதால், அவர் புள்ளி அத்தனை இடத்திலும் கல்வெட்டு. ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும்: மனிதர் தினம் சாயங்காலம் தவறாமல் புஷ் செய்துவிடுவார், லேப்டாப் செத்தாலும் வேலை சாகாது. அந்த ஒழுங்குக்காக ஒரு டீ வாங்கிக் கொடுக்கலாம். ஆனால் பில்லிங் நின்றுபோன ராத்திரியில் 'கிட் பைசெக்ட்' போட்டு, பாதி பாதியாகக் கழித்து, 1,000 கமிட்டில் பத்தே சோதனையில் குற்றவாளியைப் பிடிப்பது வேறொரு அப்பாவி. பிடித்ததும் கையில் கிடைப்பது 37 ஃபைல் மாற்றம், மேலே ஒரு புள்ளி. ஃபோன் போட்டால் தூக்கக் கலக்கத்தில் பதில் வரும்: "அதுவா ப்ரோ? சும்மா சின்ன சேஞ்ச்தான்."