நடுக்களத்து நாயகன்

கேள்வி: கபடியிலும் கிரிக்கெட்டிலும் ஊறிய எங்கள் ஊருக்கு ஒரு கால்பந்து நடுக்கள வீரரை அறிமுகம் செய்வதென்றால் யாரைச் சொல்லலாம்?
– வாசகர், வாழப்பாடி

பதில்: அகமது ஜாஹூ. 1988-இல் பிறந்த இவர், மொராக்கோ தேசிய அணிக்கு ஆடியவர். 2017-இல் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கால்பந்துப் போட்டிக்காக கோவா அணிக்கு வந்தார். தற்காப்பு வீரர்களுக்குச் சற்று முன்னால் நின்று பந்தைப் பறிப்பார். அடுத்த நொடியே நீண்ட பாஸில் மறுகோடிக்கு அனுப்புவார். கோல் கணக்கில் வராத வேலை இது. ஆனால் இது நின்றால் அணியே நின்றுவிடும்.

2019 ஐ.எஸ்.எல். இறுதிப்போட்டியின் கூடுதல் நேரத்தில் இவர் சிவப்பு அட்டை வாங்கினார்; பத்துப் பேரோடு ஆடிய கோவா, பெங்களூருவிடம் 0-1 எனத் தோற்றது. அடுத்த மாதமே சென்னையின் எஃப்.சி.யை 2-1 என வென்று சூப்பர் கோப்பையைக் கைப்பற்றியது.

2020-இல் பயிற்சியாளர் செர்ஜியோ லொபேராவோடு மும்பைக்குப் போனார். 2021 மார்ச் 13 ஐ.எஸ்.எல். இறுதிப்போட்டிதான் இவரை முழுசாகக் காட்டுகிறது. இவர் பறிகொடுத்த பந்தில்தான் மோகன் பகான் முதல் கோலை அடித்தது. தலை குனியாமல், சில நிமிடங்களில் தன் பாதியிலிருந்தே ஒரு நீண்ட பாஸ் தூக்கினார். அதைத் தடுக்கப்போன மோகன் பகான் தற்காப்பு வீரர் திரி தன் வலைக்குள்ளேயே தலையால் முட்டிவிட்டார். பிபின் சிங்கின் கடைசி நிமிட கோலில் மும்பை 2-1 என வென்றது. 2023-இல் ஒடிசா அணியில் லொபேராவோடு மீண்டும் இணைந்தார்.