சிங்கத்துக்குப் புருவம் எதற்கு?

லாஸ் ஏஞ்சல்ஸ்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

போன கடிதத்தில் நீங்கள் கேட்டிருந்த கேள்விக்கு நேராக வருகிறேன்: "அந்த ஊரில் கதைக்கு அப்படி என்ன பஞ்சம்? சின்னப் பிள்ளைகள் டி.வி.யில் பார்த்த பொம்மைப் படத்தையே மறுபடி எடுத்துக் காசு பார்க்கிறார்களாமே?" காசு பார்ப்பது உண்மை. 2019ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் டிஸ்னி கம்பெனி டம்போ, அலாவுதீன், லயன் கிங் என்று மூன்று பழைய கார்ட்டூன்களைத் தூசி தட்டித் தியேட்டருக்கு அனுப்பியது. மார்ச்சில் யானை, மே மாதம் பூதம், ஜூலையில் சிங்கம். சர்க்கஸ் கம்பெனிகூட இவ்வளவு சுறுசுறுப்பாகக் கூடாரம் போடாது. 2025இல் வேறொரு கம்பெனி இதற்கும் ஒரு படி மேலே போனது. 'ஹவ் டு டிரெயின் யுவர் டிராகன்' கார்ட்டூனை 2010இல் இயக்கிய இருவரில் ஒருவரான டீன் டெப்லாய், அதையே நிஜ ஆட்களை வைத்து மறுபடி இயக்கினார். கட்டிய மனைவிக்கே மறுபடி தாலி கட்டும் வழக்கம் நமக்கும் உண்டுதான். ஆனால் நாம் அறுபது வயது வரைக்கும் பொறுக்கிறோம்.

இந்த வியாபாரம் புரிய வேண்டுமானால் இங்கத்திய கோடைக்காலத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் மூடினால் பிள்ளைகளை எங்கே கட்டி மேய்ப்பது என்று அப்பா அம்மாக்கள் முழிப்பார்கள். தியேட்டரில் குளிர்சாதனம் உண்டு, படுத்துக்கொண்டே பார்க்கும் சோபா உண்டு, நம் வீட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் வாளி அளவுக்குப் பாப்கார்ன் உண்டு. குடிக்கும் கோலாவோ ஒரு சின்னக் குடும்பத்துக்கு இரண்டு நாள் தாங்கும். ஆனால் இடைவேளை என்ற நாகரிகம் இந்த வல்லரசுக்கு இன்னும் வந்து சேரவில்லை. அத்தனை கோலாவையும் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் அசையாமல் உட்காரச் சொல்கிறார்கள். எல்லா வயதுக்கும் பொருந்துகிற திட்டமில்லை. இதையும் மீறிக் கூட்டம் வருகிறதென்றால், டிக்கெட் எடுப்பவர் குழந்தை அல்ல என்பதுதான் சூட்சுமம். எடுப்பவர் முப்பத்தைந்து, நாற்பது வயது அப்பா. 1994இல் லயன் கிங் பார்த்து அழுத பையன் அவர். பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வருவது பந்தோபஸ்துக்கு.

இப்போது என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கதையை மறுபடி சொல்வதில் எந்தக் குற்றமும் இல்லை. கார்ட்டூனை "நிஜம் மாதிரி" ஆக்கிவிட்டால் அது உசத்தியாகிவிடும் என்ற நம்பிக்கையில்தான் கோளாறு இருக்கிறது. கோடு போட்டு வரைந்தவர்கள் நிஜம் தெரியாமல் வரையவில்லை. 1994 படத்துக்காக உயிருள்ள சிங்கங்களை ஸ்டூடியோவுக்கே வரவழைத்து ஓவியர்களுக்குக் காட்டினார்கள். கென்யாவுக்குப் போய்க் காட்டையும் பாறையையும் பார்த்து வந்தார்கள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்து என்ன செய்தார்கள்? சிங்கத்துக்குப் புருவம் வரைந்தார்கள். ஆண்டவன் சிங்கத்துக்குக் கொடுக்காத புருவத்தை ஓவியன் கொடுத்தான். ஸ்கார் என்ற அந்தப் பொல்லாத சிங்கத்தை வரைந்த ஆந்த்ரியாஸ் டேஜா, குரல் கொடுத்த ஜெரமி அயன்ஸ் வசனம் பேசும்போது அவர் முகம் போகும் போக்கைக் கவனித்து அதைச் சிங்கத்தின் மூஞ்சியில் ஏற்றினார். ஒரு புருவம் மேலே ஏறும், உதட்டோரம் கோணும், தாடை லேசாகத் தூக்கும். கொலை செய்யப் போகிறான் என்பது வாயைத் திறக்கும் முன்பே தெரிந்துவிடும்.

2019 படத்தில் அந்தப் புருவத்தைப் பிடுங்கிவிட்டார்கள். நிஜச் சிங்கத்தின் முகத் தசை எவ்வளவு அசையுமோ அவ்வளவுதான் அசையலாம் என்பது சட்டம். உழைப்பில் குறை சொல்ல முடியாது. மயிர் மயிராக இழைத்திருக்கிறார்கள். இயக்குநர் ஜான் ஃபாவ்ரோ பிற்பாடு ஒரு ரகசியத்தைச் சொன்னார்: கம்ப்யூட்டரில் உருவாக்கிய ஷாட்கள் 1,490, ஆப்பிரிக்காவில் நிஜமாகக் கேமராவால் எடுத்தது ஒன்றே ஒன்று, முதலில் வரும் சூரியோதயம். அதாவது நிஜம் என்று விற்ற படத்தில் நிஜம் சூரியன் மட்டும்தான். கோல்டன் குளோப் விருதுக்காரர்கள் அதைக் கார்ட்டூன் படங்களின் வரிசையில்தான் போட்டிக்கு வைத்தார்கள். பிறந்த சாதியை எவ்வளவு மறைத்தாலும் கல்யாணப் பத்திரிகையில் தெரிந்துவிடுகிற மாதிரி.

இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. அப்பா சிங்கம் செத்துக் கிடக்கும் காட்சியை இரண்டு படத்திலும் ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பழைய படத்தில் குட்டியின் காது தொங்கும், புருவத்தின் உள்முனை மேலே ஏறும், கண்ணில் நீர் திரளும். பிறகு அப்பாவின் உயிரற்ற முன்னங்காலைத் தூக்கித் தன் மேல் போட்டுக்கொண்டு ஒண்டிப் படுக்கும். பாஷை தெரியாத குழந்தைக்கும் தொண்டை அடைக்கும். புதிய படத்தில் ஒலியை நிறுத்தினால் பசித்த பூனைக்குட்டி ஒன்று பாலுக்குக் கத்துகிறது. காப்பாற்றுவது குரல்தான். அப்பா சிங்கம் முஃபாசாவுக்கு 1994இல் பேசிய ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸையே 2019இலும் அழைத்து வந்தார்கள், பாருங்கள், முகம் கைவிட்ட இடத்தில் குரல் தோள் கொடுக்கும் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. தமிழில் நடந்தது இதைவிட வேடிக்கை. முதல் படத்தின் தமிழ் வடிவத்தில் மகன் சிம்பாவுக்குக் குரல் கொடுத்தவர் நம் அரவிந்த்சாமி. 2019 தமிழ் வடிவத்தில் அதே அரவிந்த்சாமி, அண்ணனைக் கொன்று ராஜ்யத்தைப் பிடிக்கும் ஸ்காருக்குப் பேசினார். இருபத்தைந்து வருஷத்தில் அண்ணன் மகன் சித்தப்பா ஆகிவிட்டார். (உறவுமுறை கதையில் அப்படி அமைந்துவிட்டது. நீங்கள் ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.)

நிஜத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் பாட்டு என்ன ஆகும் என்பது இன்னொரு கதை. பழைய படத்தில் குட்டிச் சிங்கம் தான் ராஜாவாகப் போவதைப் பாடும்போது நிறமெல்லாம் மாறி, மிருகங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கோபுரம் கட்டும். கடைசியில் கோபுரம் சரிந்து காண்டாமிருகம் ஒன்று மந்திரிப் பறவையின் மேல் உட்கார்ந்துவிடும். புதியதில் குட்டிகள் தண்ணீர்க் குட்டையோரம் ஓடுகின்றன, அவ்வளவுதான். நிஜ மிருகம் கோபுரம் கட்டாது இல்லையா? ஸ்காரின் பாட்டில் பச்சைப் புகைக்கு நடுவே கழுதைப்புலிப் படை அணிவகுத்துப் போகும். புதியதில் அவர் அதைப் பாடுவதைவிடப் பேசுவதுதான் அதிகம். இரவின் காதலைப் பற்றி எல்டன் ஜான் இசையமைத்த அந்தப் பிரபலமான பாட்டைப் பட்டப்பகலில் எடுத்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு மயிரிலும் நிஜம் பார்த்தவர்கள் வானத்தை நிமிர்ந்து பார்க்க மறந்துவிட்டார்கள்.

பழைய படம் 88 நிமிஷம், புதியது 118. கூடுதலாக வந்த அரைமணியில் என்ன இருக்கிறது என்பதற்கு ஒரு சாம்பிள் சொல்கிறேன்; சித்தி சாப்பிடும்போது வாசித்துக் காட்டாதீர்கள். சிம்பா உயிரோடு இருக்கும் சேதி குரங்குச் சாமியார் ரஃபிக்கிக்குப் போய்ச் சேர வேண்டும். பழைய படத்தில் சிங்கம் பொத்தென்று படுக்கும், பூந்தாதும் தூசும் கிளம்பும், காற்று கொண்டுபோய்ச் சேர்க்கும், முடிந்தது. புதியதில் பிடரி மயிர்க் கற்றை ஒன்று ஆற்றில் விழுகிறது. ஒரு பறவை அதைக் கூட்டுக்குக் கொண்டுபோகிறது. அங்கிருந்து இலையோடு இலையாக ஒட்டகச்சிவிங்கியின் வாய்க்குள் போகிறது. உள்ளே போனது வெளியே வருகிற வழியில் வருகிறது. சாணி உருட்டும் வண்டு ஒன்று அந்த உருண்டையைப் பாலைவனம் முழுக்கத் தள்ளிக்கொண்டு போகிறது. உருண்டை உடைந்து, எறும்புகள் மயிரைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாமியார் காலடியில் சேர்க்கின்றன. நான் இங்கே தபாலில் போடும் கடிதங்கள் உங்கள் கைக்கு வரும்போது இருக்கும் கோலத்தைப் பார்த்தால் வழி ஏறக்குறைய இதுதான் என்று தோன்றுகிறது. நியாயமாகச் சொன்னால், அந்தப் படத்திலேயே சொந்தமாக யோசித்த ஒரே இடமும் அதுதான். அந்தச் சாணி உருண்டைக்கு மட்டும் என் ஓட்டு.

"படம் 160 கோடி டாலருக்கு மேல் வசூலித்ததே, ஜனங்களுக்குப் பிடிக்காமலா?" என்று நீங்கள் மடக்குவீர்கள். ஜனங்கள் வாங்கியது 1994ஆம் வருஷத்து ஞாபகத்தை. கல்யாண மண்டபத்தில் பழைய பாட்டு போட்டால் பாடுகிறவர் சுமாராக இருந்தாலும் கூட்டம் கூடவே பாடும். அந்தக் கைதட்டலைப் பாடகர் தன் கணக்கில் எழுதிக்கொள்ளக் கூடாது. "எல்லாம் உங்கள் வயசுக் கோளாறு, சின்ன வயதில் பார்த்தது எதுவும் அமிர்தம்" என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். ஒப்புக்கொள்கிறேன், பொட்டு பொட்டாகப் புள்ளி தெரியும் டி.வி.யில், கேபிள்காரர் தயவில் பார்த்தது இன்று நினைவில் சலவை செய்து மடித்து வைத்த மாதிரி இருக்கிறது. ஆனால் ஒலியை நிறுத்திப் பார்க்கும் சோதனையில் ஞாபகத்துக்கு வேலை இல்லை. இரண்டையும் பார்த்தே இராத குழந்தையை உட்காரவைத்துச் செய்தாலும் விடை அதேதான் வரும் என்பது என் பந்தயம்.

மூன்றாவது ஆட்சேபம்தான் என்னைக் கொஞ்சம் தண்ணீர் குடிக்க வைத்தது: இதே ஃபாவ்ரோ 2016இல் எடுத்த ஜங்கிள் புக் நன்றாகத்தானே இருந்தது? இருந்தது. ஆனால் அங்கே நடுவில் ஒரு நிஜப் பையன் இருக்கிறான். நீல் சேத்தி என்ற அந்தப் பையன் வெறும் காற்றோடு பேசி நடிக்க வேண்டாமென்று பொம்மலாட்டக்காரர்களை எதிரே நிறுத்தினார்கள். அழவும் சிரிக்கவும் ஒரு மனித முகம் இருந்ததால் மிருகங்கள் சும்மா நின்றாலும் ஒப்பேறியது. தவிர, 1967 கார்ட்டூனின் முடிவை அப்படியே வைக்காமல் கதாநாயகப் பையன் மௌக்ளியைக் காட்டிலேயே விட்டுவிடும் தைரியமும் இருந்தது. அந்தக் காடே ஒரு நல்ல பொய். படத்தின் கடைசியில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் மத்தியில் எடுக்கப்பட்டது என்று அவர்களே எழுத்துப் போட்டுவிட்டார்கள். கதை நடக்கும் மத்தியப் பிரதேசத்துச் சிவனிக் காட்டில் ஓர் இலைகூட ஆடவில்லை. புத்தகத்தை எழுதிய கிப்ளிங்கும், பம்பாயில் பிறந்தவர் என்றாலும், அதை எழுதியது அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்துப் பனிக்குள் உட்கார்ந்து. அந்தப் படத்திலும் நிஜப் பைத்தியம் ஓர் இடத்தில் தலைகாட்டியது. பழைய கார்ட்டூனில் வரும் குரங்கு ராஜா ஒராங்குட்டான். இந்தியாவில் ஒராங்குட்டான் கிடையாதே என்று அதை ஜைகாண்டோபித்தகஸ் என்ற அழிந்துபோன ராட்சசக் குரங்காக மாற்றினார்கள். விலங்கியல் சுத்தமாகிவிட்டது. பிறகு அந்தக் குரங்கு ஜாஸ் பாட்டு பாடியது.

மறுபடி சொல்வதே தப்பு என்கிற கட்சி நான் இல்லை என்று முன்பே சொன்னேன். வால்மீகி சொன்னதைத்தான் கம்பர் சொன்னார். ஆனால் வரிக்கு வரி நகல் எடுக்கவில்லை, வேண்டிய இடத்தில் நின்று, வேண்டாத இடத்தில் தாண்டிப் போனார். நிஜ விஷயத்தில் நம் சிற்பிகளைப் பாருங்கள். மாமல்லபுரத்துப் புலிக்குகையில் வாசலைச் சுற்றி இருக்கும் யாளிகளுக்குக் கண் பிதுங்கி, பல் தெரிந்து, எந்த உயிரியல் பூங்காவிலும் சேர்க்க முடியாத மூஞ்சி. சாமி புறப்பாட்டுச் சிம்ம வாகனத்துக்குச் சில ஊர்களில் மீசையே முறுக்கி வைத்திருக்கிறார்கள். கிர் காட்டுச் சிங்கம் மாதிரி இல்லையே என்று ஒரு தர்மகர்த்தாவாவது குறை சொன்னதுண்டா?

பேரனை அடுத்த கார்ட்டூன் ரீமேக்குக்கு அழைத்துப் போவதாக எழுதியிருந்தீர்கள். தாராளமாகப் போங்கள், அங்கே இடைவேளை உண்டு, முறுக்கு உண்டு, பயமில்லை. போவதற்கு முன்னால் பழைய படத்தை ஒலி இல்லாமல் ஐந்து நிமிஷம் அவனுக்குப் போட்டுக் காட்டி, அவன் முகத்தைக் கவனித்து எனக்கு எழுதுங்கள். என் பந்தயம் தோற்றால் அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஒரு வாளி பாப்கார்ன் கொண்டு வருகிறேன், காலி வாளியாவது உதவும். சித்திக்கு என் வணக்கம். சாணி வண்டு விஷயம் நமக்குள் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மீது எந்த வருத்தமும் இல்லாத
அண்ணன் மகன்