இந்தி தெரியாமல் பார்த்த சக்திமான்

1997 செப்டம்பரில் தூர்தர்ஷனில் ‘சக்திமான்’ என்ற இந்தித் தொடர் தொடங்கியபோது, பாகூர் ஏரிக்கு இந்தப் பக்கம் எங்கள் தெருப் பிள்ளைகளில் ஒருவருக்கும் இந்தி தெரியாது. வில்லியனூர் அத்தை வீட்டில் கேபிள் இருந்தது. எங்களுக்கு மொட்டைமாடி ஆன்டெனாதான். ஞாயிறு மதியம் டிவி இருக்கிற வீட்டில் திண்ணை வரைக்கும் கூட்டம் நிற்கும்.

மொழி தெரியாதது குறையாகவே படவில்லை. அன்றைக்குக் கதை சொன்ன விதம் அப்படி. துருத்திய பல்லும் கண்ணாடியுமாகப் பத்திரிகை ஆபீசில் திட்டு வாங்கும் போட்டோகிராபர் கங்காதர், ஆபத்து என்றதும் பம்பரமாய்ச் சுழன்று சக்திமான் ஆவார். இரண்டு வேடமும் முகேஷ் கன்னாதான். கெட்டவன் யார், மாட்டிக்கொண்டது யார் என்பதெல்லாம் பார்த்தாலே புரியும். ஒரு வில்லன் வந்தால் சில வாரங்களில் அவன் கதை முடிந்துவிடும். இந்தி தெரிந்த மாமா ராணுவத்திலிருந்து லீவில் வந்திருந்தால் வசனத்தின் அர்த்தமும் கிடைக்கும். தொடரின் பெரிய வில்லன் கில்விஷைப் பற்றி அவரிடம் கேட்போம்.

“கில்விஷ் எதுக்கு மாமா கத்துறான்?”

“ஒலகம் பூரா இருட்டாவே கெடக்கணுமாம்டா அவனுக்கு.”

என்னைக் கட்டிப்போட்டது விஞ்ஞானி வில்லன் டாக்டர் ஜைக்கால். சக்திமானின் பலம் ஏழு சக்கரங்களை எழுப்பிய யோகத்தில் வந்தது. ஜைக்காலின் பலம் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு சோதனைக்குழாயைக்கூடத் தொட்டுப் பார்க்காத வயது. படித்த படிப்பு தப்பானவன் கையில் என்ன ஆகும் என்று அங்கேதான் முதன்முதலில் யோசித்தேன். சக்திமான் காப்பாற்றுவார் என்று நம்பிச் சில பிள்ளைகள் விபரீதத்தில் இறங்கியதாகச் செய்திகள் வந்தன. அதன்பிறகு, இதையெல்லாம் செய்து பார்க்காதீர்கள் என்று அவரே திரையில் தோன்றிச் சொன்னார். அந்தப் பொறுப்பு எனக்கு இன்றும் பெரிதாகத் தெரிகிறது.

வருஷம் போகப் போக முற்பிறவிக் கதை வந்தது. வில்லனுக்குப் பின்னால் வேறொரு வில்லன் நின்றான். சண்டையைவிடப் பேச்சு கூடியது. ஒரு ஞாயிறு கரண்ட் போனால் அடுத்த வாரம் தலையும் புரியாது, காலும் புரியாது. கதை பெரிதானபோது, இந்தி தெரியாத நாங்கள் வெளியே நின்றோம். 2005 மார்ச்சில் தொடர் முடிந்தது. ஒளிபரப்புக் கட்டணம் ஏறிக்கொண்டே போனதைக் காரணமாக முகேஷ் கன்னா சொல்லியிருக்கிறார்.

2020 ஏப்ரலில், ஊரடங்கில், தூர்தர்ஷன் அதை மறுபடியும் போட்டது. வேலைக்குப் போன இடத்தில் கற்ற இந்தியோடு மகளுடன் உட்கார்ந்து பார்த்தேன். பிற்காலப் பகுதிகளில் ஆசை பெரிது, அதை மதிக்கிறேன். ஆனால் என் மகளும் ஆரம்பப் பகுதிகளைத்தான் இந்தி தெரியாமலே பின்தொடர்ந்தாள். குழந்தைக்கான கதை அதுதான்.

அப்படியொரு கதை தமிழிலும் முடியும். எழுத்தாளர் சுஜாதாவின் விஞ்ஞானக் கதையான ‘என் இனிய இயந்திரா’வைத் தொடராக எடுத்த மொழி நம்முடையது. தமிழில் தொடர் எடுப்பவர்களே, எங்கள் கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஒரு விஞ்ஞானத் தொடர் எடுங்கள். ஒரு வாரம் தவறவிட்ட பிள்ளையும் மறுவாரம் வந்து உட்காரும்படி எடுங்கள்.