யானை கட்டித் தீனி போட்ட ஊர்

கோப்பன்ஹேகன் மிருகக்காட்சி சாலைக்கு முன்னால் ஓடுகிற சாலைக்கு ரோஸ்கில்டே சாலை என்று பெயர். உள்ளே நிஜ யானைகள் இருக்கின்றன. அவற்றுக்கு 2008-ல் நார்மன் ஃபாஸ்டரை வைத்துக் கண்ணாடிக் கூரை போட்ட கொட்டில் கட்டிக் கொடுத்தார்கள். அதே சாலையில் ஃபேஸ் ஒன் என்றொரு கம்பெனி. அங்கே வளர்ந்ததும் யானைதான். மீடியம் ஃபார்மட் டிஜிட்டல் கேமரா என்கிற யானை. வாங்கியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: வாங்குகிற செலவு ஒரு பங்கு, கட்டித் தீனி போடுகிற செலவு ஒன்பது பங்கு.

டேனிஷ்காரர்களுக்கு யானைப் பித்து உண்டு. அந்த நாட்டின் ஆகப் பெரிய விருதே யானை விருதுதான். கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலை வாசலை 1901-லிருந்து நாலு கல் யானைகள் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. தரங்கம்பாடியில் 1620-ல் கடை போட்டு 225 வருஷம் உட்கார்ந்தவர்கள், இதுகூட இல்லாவிட்டால் எப்படி? அந்தக் கடையை அவர்கள் மூடிய விதத்தை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். வியாபாரம் வற்றியதும் 1845-ல், வங்காளத்து செராம்பூரையும் சேர்த்து, 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயர் தலையில் கட்டிவிட்டுக் கப்பலேறினார்கள்.

அவர்களுடைய பங்காளிச் சண்டை சுவீடனோடு. 1658 குளிர்காலத்தில் கடல் உறைந்து கிடந்தபோது, சுவீடன் ராஜா பத்தாம் கார்ல் குஸ்தாவ் பனிக்கட்டி மேலேயே படையை நடத்திக்கொண்டு வந்துவிட்டார். ரோஸ்கில்டே என்ற ஊரில் உட்கார்த்தி வைத்துக் கையெழுத்து வாங்கினார். போன நிலம் நாட்டில் மூன்றில் ஒரு பங்கு. மிருகக்காட்சி சாலை முன்னால் ஓடுகிற சாலை நேரே அந்த ஊருக்குத்தான் போகிறது. டேனிஷ்காரர்கள் 346 வருஷம் பொறுத்திருந்து 2004-ல் பழி தீர்த்தார்கள். பீரங்கியெல்லாம் கிடையாது, பிலிம் ஸ்கேனரை வைத்து.

அதற்கு முன்னால் சுவீடன் பக்கத்துப் பெருமையைச் சொல்லிவிட வேண்டும். 1940-ல் சுவீடன் விமானப்படைக்கு ஒரு ஜெர்மன் வான்வழிக் கேமரா கிடைத்தது. கோத்தன்பர்க் ஊர் விக்டர் ஹாசல்பிளாடைக் கூப்பிட்டு, இதே மாதிரி செய்ய முடியுமா என்று கேட்டார்கள். இதே மாதிரி முடியாது, இதைவிட நன்றாக முடியும் என்றாராம். மாமியார் வீட்டில் சாம்பாரைப் பற்றி இப்படிச் சொல்லிப் பிழைத்தவர் யாருமில்லை. இவர் கம்பெனியே ஆரம்பித்தார். 1948-ல் பொதுமக்களுக்கு வந்த கேமரா இட்லிப் பாத்திரம் மாதிரி: லென்ஸ் தனி, உடம்பு தனி, மேலே பார்க்கிற மூடி தனி, பின்னால் பிலிம் டப்பா தனி. எதை வேண்டுமானாலும் கழற்றி மாட்டலாம். 1969-ல் நிலவுக்குப் போனவர்கள் பிலிம் டப்பாக்களை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு, பாரம் குறையட்டும் என்று உடம்பையும் லென்ஸையும் அங்கேயே போட்டுவிட்டு வந்தார்கள்.

வினை அந்தக் கழற்றி மாட்டும் வசதியில் இருந்தது. பின்னால் கதவு இருந்தால் எவனாவது வந்து எதையாவது மாட்டத்தானே செய்வான்?

வந்தவர்களில் நம் கதைக்கு வேண்டியவர்கள் இரண்டு பேர், இருவரும் கோப்பன்ஹேகன். 1993-ல் ஃபேஸ் ஒன். 1995-ல் கிறிஸ்டியன் போல்சன் பிலிம் ஸ்கேனரோடு தொடங்கிய இமகான். அது ஊரின் வடமேற்கே ஹெய்ரேவை என்ற தெருவில் இருந்தது. பெயருக்கு அர்த்தம் கொக்குத் தெரு. இரண்டுக்கும் நடுவில் சைக்கிளில் இருபது நிமிஷ தூரம் இருக்கும். அந்த ஊரில் எல்லாத் தூரமும் அந்தக் கணக்குத்தான். பிலிம் கேமராவின் டப்பாவைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் மாட்டுகிற மின்னணுச் செங்கலுக்கு டிஜிட்டல் பேக் என்று பெயர். பேக் என்றால் இங்கே பை இல்லை, முதுகு.

ஆரம்பகால முதுகுகள் ஜெராக்ஸ் மிஷினின் தம்பிகள். உள்ளே ஒரு வரி உணரி ஓரத்திலிருந்து ஓரம் வரை ஊர்ந்து வரும். நிமிஷக் கணக்கில் ஊரும். ஃபேஸ் ஒன்னின் பவர்ஃபேஸ் எஃப்எக்ஸ் 10,500-க்கு 12,600, அதாவது 13 கோடிப் புள்ளிக்கு மேல் எடுக்கும். இன்றைக்கும் வாயைப் பிளக்க வைக்கிற கணக்கு. ஆனால் எதிரில் இருப்பது செம்புக் குடமாக இருக்க வேண்டும். மூச்சு விடுகிற எதையும் எடுக்க முடியாது. 1998-ல் வந்த லைட்ஃபேஸ் ஒரே சொடுக்கில் எடுத்தது, 60 லட்சம் புள்ளிதான். அதன் சில்லு 24-க்கு 36 மில்லிமீட்டர். லென்ஸோ ஆறு சென்டிமீட்டர் சதுர பிலிமுக்காகக் கடைந்தது. அண்டா நிறையச் சாம்பார் வைத்து ஒரு டம்ளர் மட்டும் மொண்டுகொள்வது போல. பெரிய விலை கொடுத்து வாங்கிய 40 மில்லிமீட்டர் அகலக்கோண லென்ஸ், இந்தச் சில்லுக்கு முன்னால் சாதாரண லென்ஸாகிப் பல்லிளித்தது. அப்புறம் பத்து வருஷம் இந்த வியாபாரத்தில் நடந்தது இதுதான்: சில்லைப் பெரிசாக்கு, லென்ஸை மீட்டுக்கொடு. பழைய 645 பிலிமின் அளவை ஏறக்குறைய எட்டிய 6 கோடிப் புள்ளி பி65+ வந்த வருஷம் 2008. யானைக் கொட்டில் திறந்த அதே வருஷம்.

இந்தச் சாமான்களில் ஒன்றோடு எனக்கும் ஒரு நாள் வாசம் உண்டு. சென்னையில் ஒரு விளம்பர ஸ்டூடியோவில் எடுபிடியாக இருந்தபோது நகைக்கடை வேலைக்காக ஒரு பேக்கை வாடகைக்கு எடுத்தோம். மும்பையிலிருந்து ஒரு ஆளோடு வந்தது. ஆளுக்கும் சேர்த்துத்தான் வாடகை. போட்டோகிராபர் அண்ணன் மூடியைக் கழற்றியதும், பச்சையும் ஊதாவுமாக மின்னுகிற கண்ணாடிச் சதுரம் தெரிந்தது. "தம்பி, தூசி ஊது" என்றார். நான் ஊதினேன், வாயால். மும்பை ஆள் அடித்துப் போட்டது மாதிரி நாற்காலியில் சரிந்தான். ரப்பர் ஊதுகுழலால் ஊத வேண்டுமாம். என் காலைக் காபியின் ஒரு திவலை எஃப்/16-ல் எடுத்த அத்தனை படத்திலும் மணப்பெண்ணின் வலது கன்னத்தில் உட்கார்ந்திருந்தது. கடை முதலாளி கணினித் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "பொண்ணுக்கு மச்சமா? ராசிதான், இருக்கட்டும்" என்றார். அண்ணன் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

சரி, யுத்தத்துக்கு வருவோம். 2002-ல் ஹாசல்பிளாட் எச்1 என்று புது கேமரா விட்டது. பக்தர்கள் ஓடிவந்து லென்ஸைத் திருப்பிப் பார்த்தார்கள். ஜெர்மனி ஸைஸ் இல்லை, ஜப்பான் ஃபியூஜி. ஜப்பானுக்குள் அதே கேமரா ஃபியூஜி பெயரிலேயே விற்றது. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் அப்பா பெயர் மாறியிருந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது பக்தர்களுக்கு. லென்ஸ்கள் என்னவோ பழுதில்லாத லென்ஸ்கள்.

அடுத்த வருஷம் ஹாங்காங்கின் ஷ்ரிரோ குழுமம் ஹாசல்பிளாடை வாங்கியது. 2004-ல் கொக்குத் தெரு இமகானையும் அதோடு சேர்த்து, நாற்காலியில் போல்சனை உட்கார வைத்தது. நிலவுக்குப் போன சுவீடன் கம்பெனியை கோப்பன்ஹேகன் ஸ்கேனர்க்காரர் ஆண்டார். கடல் உறையக் காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. 2000-லேயே இரண்டு நாட்டுக்கும் நடுவில் பாலம் போட்டாயிற்று.

நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக அந்தப் பின் கதவைப் பார்த்தார். தான் மாட்டிய அதே கதவு வழியாகத்தான் ரோஸ்கில்டே சாலைக்காரனும் மாட்டுகிறான்! 2006-ல் எச்3டி வந்தது: உடம்பும் டிஜிட்டல் முதுகும் சேர்ந்தே விற்பனை, வெளியார் முதுகுக்கு இடமில்லை. கூடவே ஒரு 28 மில்லிமீட்டர் லென்ஸ். அதன் கோணல்களை மென்பொருள் நிமிர்த்திவிடும், ஆனால் இந்த வீட்டுக் கேமராவில் மட்டும். இது தொழில்நுட்பம் என்று கம்பெனி சொன்னது. அகழி என்று போட்டோகிராபர்கள் சொன்னார்கள். என் கட்சி போட்டோகிராபர்கள் கட்சி.

முதுகு மட்டும் செய்தவர்கள் உடம்பு தேடி ஊர் ஊராக அலைந்தார்கள். சிலர் ஜெர்மனியின் ஃப்ராங்கே அண்டு ஹைடெக்கே செய்த எச்ஒய்6-ஐ நம்பினார்கள். அந்தக் கம்பெனி 2009-ல் திவாலானது. ஃபேஸ் ஒன் ஜப்பானின் மாமியாவைப் பிடித்தது. கோல்ஃப் மட்டைக்குத் தண்டு செய்கிற வீட்டிலிருந்து 2006-ல் கைமாறிய கேமராத் தொழில் அது. மாமியா உடம்பில் 125-ல் ஒரு பங்கு நொடியைவிட வேகமாகச் சுண்டினால் ஃபிளாஷோடு ஒத்துப்போகாது. ஹாசல்பிளாடின் எச் லென்ஸில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே பூவிதழ் மாதிரி விரியும். 800-ல் ஒரு பங்கில்கூட ஃபிளாஷ் ஒத்துவரும். மொட்டை வெயிலில், சூரியனை அடக்கிவிட்டு முகத்தில் மட்டும் வெளிச்சம் அடிக்க இது வேண்டும். ஃபேஸ் ஒன் அப்புறம் ஷ்னைடர் பெயர் போட்ட இதழ் ஷட்டர் லென்ஸ்களை இறக்கி, 1600-ல் ஒரு பங்கு என்று பதில் மரியாதை செய்தது. லென்ஸின் ஜாதகம் ஜெர்மனி, தொட்டில் ஜப்பான். இந்தக் கதையில் யாரும் சொந்த வீட்டில் சமைக்கவே இல்லை.

ஃபேஸ் ஒன்னின் பி45+ ஒரு மணி நேரம் கண் திறந்து வைத்து இரவை எடுக்கும். எடுத்து முடித்ததும், படத்தில் விழுந்த இரைச்சல் புள்ளிகளை நீக்க இன்னொரு மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு தியானம் செய்யும். கூடவே நிற்க வேண்டியதுதான், யானை குளிக்கிறபோது பாகன் நிற்பதுபோல.

2014 ஜனவரியில், ஒரே வாரத்துக்குள், இரண்டு வீட்டாரும் தண்டோரா போட்டார்கள்: புது சீமாஸ் சில்லு, 5 கோடிப் புள்ளி! இரண்டும் ஒரே சோனி கடைச் சரக்கு. ஃபேஸ் ஒன் ஐக்யூ250 முதுகு மட்டும் சுமார் 35,000 டாலர். ஏப்ரலில் பென்டாக்ஸ் அதே அளவு சோனி சில்லைப் போட்டு உடம்போடு சேர்த்து 8,500 டாலர் என்றது. பிராட்வே ரவிக்கைத் துணியை தி.நகரில் விற்ற கதை வெளியே வந்துவிட்டது. இதற்கு முன்பே ஹாசல்பிளாட் 2012-ல் ஒரு சோனி கேமராவுக்கு மரப்பிடி ஒட்டி லூனார் என்று பெயர் வைத்து சுமார் 5,000 யூரோவுக்கு விற்க முயன்றது. அதைப் பற்றி மேலும் பேசுவது பாவம்.

முடித்து வைத்தவர் சமையல்காரர். அத்தனை வருஷம் ஹாசல்பிளாட் பெயரில் லென்ஸ் கடைந்து கொடுத்த ஃபியூஜி, 2017-ல் ஜிஎஃப்எக்ஸ் என்று வாசலிலேயே சொந்த ஓட்டல் திறந்தது. 2019-ல் 10 கோடிப் புள்ளிக் கேமராவை 10,000 டாலருக்கு இலையில் வைத்தது. ஹாசல்பிளாட் அதற்குள் சீனாவின் டிரோன் கம்பெனி டிஜேஐ கைக்குப் போயிருந்தது. ரோஸ்கில்டே சாலையில் மூளை பழைய தரங்கம்பாடி மூளை. 2014-ல் ஒரு முதலீட்டு நிறுவனம், 2019-ல் இன்னொன்று என்று உரிமை கைமாறியது. கேப்சர் ஒன் மென்பொருளைத் தனிக் கம்பெனியாகப் பிரித்து நிறுத்தினார்கள். வில்லங்கமான சங்கதி ஒன்று: அந்த மென்பொருள் நெடுங்காலம் கேனன், நிக்கான் என்று பலர் வீட்டுப் படத்தைத் திறந்தது, ஹாசல்பிளாட் படத்தை மட்டும் தொடவில்லை. பங்காளி வீட்டுத் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. கேமராக்களை ஃபேஸ் ஒன் இன்று பெரும்பாலும் விமானத்தில் ஏற்றி நிலம் அளப்பதற்குச் செய்கிறது, அருங்காட்சியகச் சுவடிகளைப் படமெடுக்கச் செய்கிறது. கல்யாண வீடுகளுக்கு அவர்கள் இப்போது வருவதில்லை.

கொக்குத் தெருவில் போல்சன் முதலில் செய்த பிலிம் ஸ்கேனர் இருக்கிறதே, ஃப்ளெக்ஸ்டைட், பிலிமை வெற்றிலை மாதிரி வளைத்துப் பிடித்து வரி வரியாகப் படிக்கும். உற்பத்தி நின்றுபோய்விட்டது. அதன் மென்பொருள் புது மேக் கணினிகளில் ஓடவும் ஓடாது. ஆனாலும் பிலிமுக்குத் திரும்பிய பிள்ளைகள் பழைய ஸ்கேனரையும், அதற்கென்று ஒரு பழைய மேக்கையும் சேர்த்துத் தேடி, கேட்ட விலை கொடுத்து வாங்கிப் போகிறார்கள். 35,000 டாலர் முதுகை விற்க வருகிறவரிடம், பேட்டரி நிற்குமா என்று கேட்டுவிட்டுப் பேரம் பேசுகிறார்கள்.