பந்தய எஸ்டீம் விலைக்கு

ஆட்டோகிராஸ் ஓட்டுவதற்காக மாற்றியமைத்த என் பழைய மாருதி எஸ்டீமை விற்கப் போகிறேன். ரோல் கேஜ், சஸ்பென்ஷனுக்குப் போட்ட பணம் திரும்புமா?
*– வாசகர், கோவை*

பின்சீட்டைக் கழற்றிவிட்டீர்களே, வாங்க வருபவர் மாமியாரை எங்கே உட்கார வைப்பார்?

பழைய ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், சீட்டெல்லாம் இருந்தால் திரும்ப மாட்டி, வீட்டுக் காராக விற்றுவிடுங்கள். பந்தயச் சாமான்களுக்குத் தனியே ஆள் கிடைக்கும். உங்கள் ஊரில்தானே கரி ஸ்பீட்வே பந்தயத் தடம் இருக்கிறது!

அப்படியே விற்பதானால், மாற்றங்கள் ஆர்.சி.யில் பதிவாகியிருக்கின்றனவா என்று ஒருமுறை பாருங்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற விடாது. எஞ்சின் மாற்றியிருந்தால் அதை, வண்டி உருண்டிருந்தால் அதை, ரோல் கேஜ் கூண்டை வெல்டிங் செய்தவர் யார் என்பதை வாங்குபவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அடுத்து அந்தக் கூண்டுக்குள் இருக்கப்போவது வாங்குபவரின் தலை.