கடைச்சாய்ப்பு: விருதுநகர், சிவகாசி வட்டார இல்லங்களில் வடிகட்டிக் கலத்தின் அடிநீர் குறித்த ஓர் ஆராய்ச்சி

1. ஆய்வுக் களமும் ஆய்வின் தேவையும்

விருதுநகர் மாவட்டம் பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து 1985ஆம் ஆண்டில் பிரிக்கப்பட்டதென்பதும், அதன் பெரும்பகுதி கரிசல் நிலமென்பதும், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடப்பதால் தென்மேற்குப் பருவக்காற்று அதனை எட்டிப் பார்த்ததோடு சரியென்பதும் புவியியலார் பலமுறை எழுதி முடித்த செய்திகள். அவர்கள் எழுதாமல் விட்டது, அந்நிலத்து அடுக்களை மேடைகளில் நிற்கும் இரண்டடுக்கு எவர்சில்வர் ஃபில்டரின் கீழறையில், குழாய் பொருத்திய துளைக்கும் அடித்தட்டுக்கும் இடையே, எந்நாளும் தானாக வெளிவராது தங்கிவிடும் இரண்டு விரற்கடை நீரைப் பற்றியாகும்.

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922ஆம் ஆண்டில் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பியதிலிருந்து, வறட்சி என்பது சிவகாசிக்கு முழுக்க முழுக்கக் கேடாக இருந்ததில்லை. தீக்குச்சியும் வெடித்திரியும் காய வெயில் வேண்டும். வானம் மூடினால் பட்டாசு ஆலையில் வேலை நிற்கும், கூலியும் நிற்கும். ஆனால் அதே வெயில்தான் வெம்பக்கோட்டை அணையையும் ஆனைக்குட்டம் அணையையும் அடிவரை காயவைப்பது. ஆகவே ஒரே வீட்டில் காலையில் ஆலைக்குப் போகிறவர் வெயிலை வேண்டுவதும், குடத்தோடு குழாயடியில் நிற்கிறவர் மழையை வேண்டுவதும் இவ்வட்டாரத்திற்கே உரிய சமய முரண்பாடு எனலாம். இதனைத் தீர்க்கத் தெய்வங்களால் இயலாமற்போகவே, மானூர்க் குடிநீர்த் திட்டத்தின் வழியாகத் தாமிரபரணி சிவகாசிக்கு அழைத்துவரப்பட்டது. அந்நீரும் நாள்தோறும் வருவதில்லை. வரும் நாளில் அது ‘நல்ல தண்ணி’ எனப்படும். வராத நாள்களில் ஆழ்துளைக் கிணறு தருவது ‘உப்புத் தண்ணி’ எனப்படும். பருப்பு வேகாமையும், பாத்திரத்தின் உட்புறத்தில் வெண்படலம் படிதலும் பின்னதன் இலக்கணங்கள்.

2. வகைப்பாடு

நீரைத் தெளிவிக்கும் சாதனங்களை ஐவகைப்படுத்தலாம்.

முதலாவது, குடத்தின் வாயில் கட்டும் வேட்டித் துண்டு. இது தூசியைத் தடுக்கும், உப்பைத் தடுக்காது.

இரண்டாவது, தேற்றாங்கொட்டை. இதனைக் கலத்தின் உட்சுவரில் தேய்த்தால் நீரின் கலங்கல் திரண்டு அடியில் படியும் என்பது கலித்தொகைக் காலத்திலேயே அறியப்பட்டிருந்தது. அந்நூலில் இச்செய்தி வருமிடத்திற்கு உரை எழுதியவர்கள் பலர், கொட்டையைத் தேய்த்துப் பார்த்தவர்கள் சிலர்.

மூன்றாவது, இருபது லிட்டர் கேனைக் கவிழ்த்து வைக்கும் தாங்கி. கவிழ்ப்பவருக்கு இடுப்பு வலுவாக இருக்க வேண்டும் என்பதற்கு மேல் இதில் ஆய்வதற்கு ஒன்றுமில்லை.

நான்காவது, ஆர்.ஓ. எனப்படும் எதிர்ச் சவ்வூடு பரவல் இயந்திரம். இதன் சவ்வை 1960ஆம் ஆண்டையொட்டிக் கலிபோர்னியாவில் சிட்னி லோபும், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் உருவாக்கினர். அழுத்தத்தால் நீரைச் சவ்வின் வழியே தள்ளி, கரைந்த உப்பைப் பின்னே நிறுத்துவது இதன் தொழில். ஒரு பங்கு நீரைக் குடிக்கத் தந்து, ஏறத்தாழ மூன்று பங்கைக் கழிவாக வெளியே விடுவது வீட்டு இயந்திரங்களின் இயல்பாதலால், நல்ல தண்ணி வரும் நாளை எண்ணிக் காத்திருக்கும் தெருவில் இதனை ஓடவிடுதல் தனியே ஆராயத்தக்க துணிச்சலாகும். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாகக் கரைபொருள் உள்ள நீருக்கு இவ்வியந்திரத்தைத் தடைசெய்ய வேண்டும் எனத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019ஆம் ஆண்டில் கூறியது.

இவ்வியந்திரத்தை விற்க வருவோர் நிகழ்த்தும் இரும்புக் கம்பிச் சடங்கை இங்கு விளக்குதல் வேண்டும். இரண்டு டம்ளர்களில் ஒன்றில் வீட்டு நீரும் மற்றொன்றில் ஆர்.ஓ. நீரும் ஊற்றி, இரண்டிலும் கம்பிகளை அமிழ்த்தி மின்சாரம் பாய்ச்சினால், வீட்டு நீர் சற்று நேரத்தில் துருவின் நிறத்தில் குழம்பாகும். அதைக் கண்ட குடும்பத்தார் ‘இதையா இத்தனை வருசம் குடிச்சோம்’ என்று வாயடைத்துப் போவர். உண்மையில் அந்த நிறம் நீரிலிருந்து வந்ததன்று, கம்பியிலிருந்து வந்தது. உப்புள்ள நீர் மின்சாரத்தைக் கடத்துவதால் இரும்பு கரைகிறது. உப்பு நீங்கிய நீர் அவ்வளவாகக் கடத்தாததால் கம்பி ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. தான் கொண்டுவந்ததைத் தானே உள்ளே இட்டு, பின் அதனைக் கண்டுபிடித்ததாக அறிவிக்கும் இம்முறை ஆராய்ச்சி உலகில் வேறு துறைகளிலும் செல்வாக்குப் பெற்றிருப்பதால், விற்பனையாளரை மட்டும் குறைகூறுதல் நேர்மையாகாது.

அதன்பின் டி.டி.எஸ். மீட்டர் எனும் எண் காட்டி வெளிவரும். டி.டி.எஸ். என்பது நீரில் கரைந்துள்ள பொருள்களின் மொத்த அளவு. இந்தியத் தர நிர்ணயம் ஏற்புடைய எல்லையாக லிட்டருக்கு 500 மில்லிகிராமையும், வேறு நீர் கிடையாதவிடத்து 2,000 மில்லிகிராமையும் வகுத்துள்ளது. கிருமி உண்டா இல்லையா என்பதை அந்த எண் சொல்லாது. ஆயினும் எண் எதைக் குறிக்கிறது என்று வினவாமல் எண்ணைக் கண்டதும் தலையசைத்தல் கற்றோர் அவையின் நடைமுறையாதலால், அடுக்களையிலும் அதுவே பின்பற்றப்படுகிறது.

ஐந்தாவதே இவ்வாய்வின் பொருளாகிய இரண்டடுக்கு ஃபில்டர்.

3. உறுப்பியல்

மேலறை, கீழறை, மூடி, கேண்டில், குழாய் என இதற்கு உறுப்புகள் ஐந்து. கேண்டில் என்பது மேலறையின் தரையில் திருகிப் பொருத்தப்படும், உட்குழிவான வெண்பீங்கான் கூம்பு. பாஸ்டரின் ஆய்வகத்தில் சாம்பர்லாண்ட் 1884ஆம் ஆண்டில் செய்த பீங்கான் வடிகட்டி இவ்வினத்து முன்னோர்களுள் ஒன்று. அத்தகைய வடிகட்டி பாக்டீரியாவை நிறுத்தியது. 1892ஆம் ஆண்டில் ரஷ்யாவின் இவனோவ்ஸ்கி புகையிலை நோயின் சாற்றை அதில் ஊற்றியபோது நோய் மட்டும் வடிகட்டியைக் கடந்து வெளியேறியது, வைரஸ் பற்றிய அறிவும் அவ்வாறே தொடங்கிற்று. கேண்டில் சேற்றையும் பெரும்பாலான பாக்டீரியாவையும் நிறுத்தும், கரைந்த உப்பை நிறுத்தாது. எனவே உப்புத் தண்ணியை மேலே ஊற்றியவர் கீழே தெளிந்த உப்புத் தண்ணியையே பெறுவார்.

நாள்பட்ட கேண்டிலின் மேல் செம்பழுப்பில் ஒரு வழவழப்புப் படியும். அதனைப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால், சோப்பு இடாமல், ஓடும் நீரில் தேய்க்க வேண்டும் என்பது நூல்வழக்கு (பயன்பாட்டுக் கையேடு, பக். 4). தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்தல் உலகவழக்கு (மேற்படி கையேடு, பக். 4, எண்ணெய்க் கறைக்குக் கீழே பென்சிலில்). கையேட்டின் ஐந்தாம் பக்கம் பலகாரம் மடிக்கப் பயன்பட்டுவிட்டதால் மூலநூல் முழுமையாகக் கிடைக்கவில்லை.

விஜயகரிசல்குளத்தில் 2022ஆம் ஆண்டு முதல் நடந்த வெம்பக்கோட்டை அகழாய்வில் மணிகளும் சங்கு வளையல்களும் சுடுமண் பொருள்களும் வெளிப்பட்டன. அதே மண்ணில் இன்னும் ஈராயிரம் ஆண்டு கழித்து ஒரு கேண்டில் வெளிப்படுமாயின், பயன் விளங்காத எதனையும் ‘சடங்குப் பொருள்’ என்றெழுதும் நெடுநாள் மரபின்படி, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சிறு வெண்கூம்பு மழைவேண்டி வழிபடப்பட்டது என்று நிறுவப்படும். அம்முடிவு முற்றிலும் தவறென்று கூறவும் இயலாது.

4. கடைச்சாய்ப்பு

குழாயின் மரையும் வாஷரும் பொருந்த இடம் வேண்டியிருப்பதாலும், அடியில் படியும் வண்டல் டம்ளருக்கு வராமலிருக்க வேண்டியிருப்பதாலும், குழாய்த்துளை அடித்தட்டிற்குச் சற்று மேலேதான் இடப்படும். அணைகளில் மதகின் மட்டத்திற்குக் கீழே தங்கும் நீரைப் பயன்படாக் கொள்ளளவு என்பர் பொறியாளர். அவர்கள் அணையைச் சாய்த்துப் பார்த்ததில்லை. அடுக்களையிலோ கலத்தைச் சாய்க்கலாம், சாய்க்கப்படுகிறது. இச்செயல் மூவகைப்படும்.

தலைச்சாய்ப்பாவது, குழாயில் நீர் நூலாக மெலிந்ததும் கலத்தின் பின்விளிம்பில் ஒரு கை வைத்து இலேசாக உயர்த்துதல். இதனைச் செய்பவர்க்குக் குற்றவுணர்வு தோன்றுவதில்லை.

இடைச்சாய்ப்பாவது, முன்விளிம்பு மட்டும் மேடைக் கல்லில் ஊன்றி நிற்க, இரு கைகளாலும் கலத்தைத் தூக்குதல். டம்ளரைப் பிடிக்க மூன்றாவது கை வேண்டியிருப்பதால் ‘ஏலே, இங்க வந்து டம்ளரப் பிடி’ என்னும் ஏவல் இதன் புறத்தோற்ற அடையாளம்.

கடைச்சாய்ப்பாவது, மேலறையில் கேண்டில் முழுவதும் வறண்டு நிற்க, கீழறையின் எஞ்சிய நீரைச் சொட்டுச் சொட்டாக முக்கால் டம்ளர் வரை இறக்கி, முற்றும் தீருமுன் நிறுத்திக்கொள்ளுதல். நிறுத்துதலே இதன் உயிர்நாடி. கடைசியாகக் குடித்தவர் மேலறையை நிரப்ப வேண்டும் என்பது எல்லா வீட்டுக்கும் பொதுவான எழுதாச் சட்டமாதலால், உள்ளே ஒரு மிடறு எஞ்சியிருக்கும்வரை எவரும் கடைசியாகக் குடித்தவர் ஆகார்.

அஃதேல், தாகமுடையார் நிரப்பிவிட்டுக் குடித்தல் எளிதன்றோ எனின், அன்று, என்னை? பிரான்சின் டிஜோன் நகரத்துக் குடிநீர் ஏற்பாட்டை அமைத்த ஹென்றி டார்சி, மணல் நிரப்பிய குழாயில் நீரைச் செலுத்திப் பார்த்து, வடியும் வேகம் நீர்மட்டங்களின் உயர வேறுபாட்டைப் பொறுத்தது என்று 1856ஆம் ஆண்டில் நிறுவினார். மேலறை நிறைந்திருந்தால் சொட்டு விரைவாக விழும். மட்டம் இறங்க இறங்க அழுத்தமும் குறையும், கேண்டிலின் நனைந்த பரப்பும் சுருங்கும். ஆகவே அரைக்குடம் ஊற்றிவிட்டு டம்ளரோடு நிற்பவர் நெடுநேரம் நிற்பார். முழுக்குடம் ஊற்றுபவரோ பிறருக்காக உழைத்தவராவார். இவ்விரண்டுக்கும் உடன்படாதவர் சாய்ப்பார். டார்சியின் விதியில் தாகம் ஒரு காரணியாகச் சேர்க்கப்படவில்லை; டிஜோனில் உப்புத் தண்ணி இல்லாமை காரணமாகலாம்.

மூவகைச் சாய்ப்பினுள் மேடைக் கல்லில் அரைவட்டக் கீறலை விட்டுச் செல்வது மூன்றாவது ஒன்றே. சான்று கிடைப்பது கடையதற்கு மட்டுமே ஆதலின், தலையும் இடையும் கடல்கோளில் மறைந்தன என்று கொள்வாரும் உளர். விருதுநகருக்குக் கடல் அருகில் இல்லை என்பது அவர்களை என்றும் தடுத்ததில்லை.

5. சான்றாவணங்கள்

இத்துறைக்கு நாட்காட்டியே முதன்மை ஆவணம். நாட்டின் நாட்காட்டிகளில் பெரும்பங்கை அச்சிடும் சிவகாசியில், அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பத்தை ஆடிப்பெருக்கன்று வெளியிடுவது அச்சகத்தாரின் வழக்கம். ஆற்றில் புதுப்புனல் வரவேண்டிய நாளில் இவ்வூரில் பெருகிவருவது தாளே.

ஆய்வாளர் இதில் இரு பள்ளியினராகப் பிரிந்துள்ளனர். தினசரிப் பள்ளியினர் நாள்தாளின் பின்பக்கக் குறிப்புகளையே ஏற்பர். எடுத்துக்காட்டாக, ‘ஃபில்டர் கழுவணும்’ என்பது (மளிகைக் கடைத் தினசரி நாட்காட்டி, ஆவணித் தாள், பின்பக்கம், பால் கணக்கிற்கும் சீட்டுக் கணக்கிற்கும் இடையே). ஆனால் தினசரி நாட்காட்டியின் இயல்பு நாளுக்கு ஒரு தாளை இழப்பதாதலால், இப்பள்ளியின் ஆவணக் காப்பகம் ஒவ்வொரு விடியலிலும் ஒரு பக்கம் குறைகிறது. டிசம்பர் இறுதியில் கொள்கை மட்டுமே எஞ்சும். மாதப் பள்ளியினரோ, ஒரு கட்டத்தில் காணப்படும் சுழியை நல்ல தண்ணி வந்த நாளெனக் கொள்வர் (நகைக்கடை மாத நாட்காட்டி, பங்குனிப் பக்கம், வளர்பிறை ஏகாதசிக் கட்டம், இடது மேல்மூலை, நீல மை, அதன்மேல் பிற்காலத்தார் ஒருவர் சிவப்பு மையில் இட்ட கேள்விக்குறி, அக்கேள்விக்குறியின் மேல் மஞ்சள் படிந்த கட்டைவிரல் தடம், அத்தடத்திற்கு ஒப்புநோக்குக: ஃபில்டர் மூடி, உட்புறம், மேலும் கதவு நிலை, வலப்புறம், வளர்ந்த பிள்ளையின் உயரக் கோட்டுக்கு அருகில்). அச்சுழி சிலிண்டர் வந்த நாளைக் குறிப்பதென அவ்வீட்டு ஆச்சி நேரில் கூறியதுண்டு. வாய்மொழி ஆதலின் அது அடிக்குறிப்பில் சேர்க்கப்பட்டு, பின்னர் இடம் போதாமையால் நீக்கப்பட்டது.

6. முடிபு

மேற்கூறியவற்றால் பெறப்படுவன: நீரின் உப்பு எவ்வளவு என்று அறியாமல் சாதனம் வாங்குதல் கூடாது என்பதும், உப்பு மிகுந்த நீருக்குக் கேண்டில் உதவாது, உப்பு குறைந்த நீருக்கு ஆர்.ஓ. வேண்டாது என்பதும், எச்சாதனமாயினும் கழுவாது விட்டால் அதுவே அழுக்கின் இருப்பிடமாகும் என்பதும், மேலறையை நிறைத்து வைத்தால் சாய்க்க வேண்டியதில்லை என்பதும் ஆம். இவற்றுள் கடைசியதை நிறுவுவதே இவ்வாய்வின் தொடக்க நோக்கமாக இருந்தது. எனினும் ஒரு துறையை முற்றும் தீர்த்துவிட்டவர் அதனை மீண்டும் நிரப்பக் கடமைப்பட்டவராவார் என்பதால், அறிஞர் அனைவரும் ஒரு மிடறு எஞ்சவிட்டு ‘மேலாய்வுக்கு உரியது’ என்றெழுதி எழுந்துவிடுதல் மரபு. அம்மரபு பற்றி மேலறையை நிரப்பும் பணி இங்கும் அடுத்து வருவோர்க்கு விடப்படுகிறது. அப்பணிக்கு வேண்டிய கருவி ஒரு குடம் மட்டுமே. நிதிநல்கை எதுவும் தேவைப்படாமை அதன் பெருங்குறையாதலால், பல்கலைக்கழகங்கள் எவையும் அதனை ஏற்க முன்வருமென்று எதிர்பார்ப்பதற்கில்லை.