உதைபடும் கேள்விகள்

கராத்தேவுக்கும் டேக்வாண்டோவுக்கும் என்னதான் வித்தியாசம்? எங்கள் ஊரில் இரண்டு மாஸ்டர்களுமே ‘எங்களுடையதுதான் ஒரிஜினல்’ என்கிறார்கள்.
*குழம்பிய பெற்றோர், நாமக்கல்*

பங்காளிகள் அப்படித்தான் சொல்வார்கள். டேக்வாண்டோ என்ற பெயரை 1955-இல் முன்வைத்த கொரியத் தளபதி சோய் ஹொங் ஹி, இளமையில் ஜப்பானில் படித்தபோது கராத்தே பழகியவர். பிற்பாடு கொரியர்கள் கையின் வேலையைக் குறைத்து, காலுக்கு ஓவர்டைம் கொடுத்தார்கள். வெள்ளை உடை, வண்ண பெல்ட், ஐந்தாம் தேதிக்குள் ஃபீஸ் ஆகியவை இரு தரப்புக்கும் பொது.

நெரிசல் பஸ்ஸில் கை வைக்கிறவனைச் சுழன்று உதைக்கக் கற்றுத் தருவார்களா?
*கல்லூரி மாணவி, மதுரை*

சுழல இடம் இருந்தால் அது நெரிசல் பஸ்ஸே அல்ல! அங்கே முதலில் வேலை செய்ய வேண்டியது தொண்டை. ‘நீலச் சட்டை, கையை எடு!’ என்று அடையாளத்தோடு கத்துங்கள். அதுவரை ஜன்னலுக்கு வெளியே இயற்கையை ரசித்துக்கொண்டிருந்த பஸ் மொத்தமும் திரும்பிப் பார்க்கும். டேக்வாண்டோ வகுப்பில் உதையோடு ஒரு கத்தலும் உண்டு, கிஹாப் என்பார்கள். ‘பொம்பளப் பிள்ளைக்கு என்ன இவ்வளவு சத்தம்?’ என்று கேட்டு வளர்ந்த பெண்களுக்கு, வாரத்தில் சில நாள் ஊர் அதிரக் கத்துவதே பாதிப் பயிற்சி. முழங்கையால் இடிப்பதும் குதிகாலால் பாதத்தை மிதிப்பதும் மீதி. இரண்டுக்கும் ஓரடி இடம் போதும். கண்டக்டர் அசையாவிட்டால் 112. பெண்களுக்கென்றே உள்ளது 181.

ஒலிம்பிக்கில் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு துள்ளுகிறார்களே, முகத்தில் குத்து விழாதா?
*டிவி ரசிகன், ஓசூர்*

விழாது. முகத்தில் குத்துவது விதிப்படி தப்பு. குத்தினால் எதிராளிக்கு ஒரு பாயிண்ட். மார்புக் கவசத்தில் குத்தினால் 1, உதைத்தால் 2, தலையில் உதைத்தால் 3, சுழன்று மார்பில் உதைத்தால் 4, சுழன்று தலையில் உதைத்தால் 5. இந்த விலைப்பட்டியலைப் பார்த்த பிறகு யார் கையை நம்புவார்கள்?

தெருவில் வம்புக்கு வருகிறவன் இந்தப் பட்டியலைப் படித்துவிட்டு வருவதில்லை. அவனுடைய முதல் குத்தே முகத்துக்கு வரலாம். அதனால் விவரமான மாஸ்டர்கள் போட்டிப் பயிற்சியையும் தற்காப்புப் பயிற்சியையும் தனித்தனியாக நடத்துவார்கள். தற்காப்பு வகுப்பில் கைகள் கன்னத்தருகே இருக்கும். உதை முழங்காலைத் தாண்டாது. மணிக்கட்டையோ சட்டையையோ பிடித்தால் உருவிக்கொண்டு விலகுவதுதான் பாடம்.

அதற்காகப் போட்டிச் சண்டை வீண் என்று நினைக்க வேண்டாம். எதிரே நிற்பவர் நிஜமாகவே உதைக்க வரும்போது உறைந்துபோகாமல் நகர்வது அங்கேதான் பழகும். காற்றை மட்டுமே உதைத்துப் பழகியவருக்கு அது வராது. காற்று திருப்பி உதைத்ததாக வரலாறு இல்லை.

கத்தியைக் காட்டி செல்போனைக் கேட்டால் என்ன உதை உதைப்பது?
*ரெட் பெல்ட், சேலம்*

போனைக் கொடுத்துவிட்டு, எதிர்த்திசையில் தரையை உதையுங்கள், அதாவது ஓடுங்கள். கத்தியைப் பிடுங்குவது சுலபம் என்று யாராவது சொல்லித் தந்தால் ஒரு சோதனை வையுங்கள். நண்பன் கையில் மூடி திறந்த சிவப்பு ஸ்கெட்ச் பேனாவைக் கொடுத்து, மனம்போனபடி குத்தச் சொல்லுங்கள். பேனாவைப் பிடுங்கிய பிறகு உங்கள் வெள்ளை உடையில் எத்தனை சிவப்புக் கோடு என்று எண்ணுங்கள். போனுக்கு இஎம்ஐ உண்டு, குடலுக்குக் கிடையாது.

என் ஏழு வயது மகனுக்கு இரண்டே வருஷத்தில் கருப்பு பெல்ட் ‘கேரண்டி’ என்கிறது எங்கள் தெரு கிளப். நம்பலாமா?
*மஞ்சள் பெல்ட்டின் அப்பா, தாம்பரம்*

கேரண்டி மிக்ஸிக்குக் கேட்க வேண்டியது. சியோலில் 1972 முதல் இயங்கும் குக்கிவோன்தான் உலக அளவில் ஒப்புக்கொள்ளப்படும் கருப்பு பெல்ட் சான்றிதழைத் தருகிறது. 15 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு அது தருவது ‘பூம்’. அந்த பெல்ட் பாதி சிவப்பு, பாதி கருப்பு. கருப்பு பெல்ட்டின் படிகளை டான் என்பார்கள்; பெரியவர்களுக்கு முதல் டானிலிருந்து இரண்டாவதுக்குக் குறைந்தது 1 வருடம், மூன்றாவதுக்கு மேலும் 2 வருடம், நான்காவதுக்கு இன்னும் 3 வருடம் காத்திருக்க வேண்டும். உங்கள் கிளப்பில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ‘சான்றிதழ் குக்கிவோனிலிருந்து வருமா, பக்கத்து ஜெராக்ஸ் கடையிலிருந்து வருமா?’

டிரம்ப்பும் கருப்பு பெல்ட்டாமே? அவர் எப்போது உதைத்தார்?
*அரசியல் ஆர்வலர், திருநெல்வேலி*

உதைக்கவே வேண்டாம், அது கௌரவப் பட்டம். 2021-இல் குக்கிவோன் அவருக்கு 9-ஆம் டானை வழங்கியது. ஏறக்குறைய எல்லோரும் ஆயுள் முழுக்க ஏறியும் எட்டாத படி அது! ரஷ்ய அதிபர் புதினுக்கும் உலக டேக்வாண்டோ அமைப்பு 2013-இல் அதே கௌரவத்தைக் கொடுத்தது. 2022-இல் உக்ரைன் மீது படையெடுத்ததும் திரும்பப் பெற்றுக்கொண்டது. உதைக்காமல் வந்த பெல்ட், உதைத்ததும் போய்விட்டது.

தற்காப்புக்காக ஒருவனை உதைத்தால் என் மேல் கேஸ் வருமா?
*சட்டம் தெரியாதவன், வேலூர்*

எப்போது நிறுத்தினீர்கள் என்பதைப் பொறுத்தது. உங்கள் உடலையும் பிறர் உடலையும் காத்துக்கொள்ளும் உரிமையைப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தருகின்றன. பழைய தண்டனைச் சட்டத்தில் இவை 96 முதல் 106 வரை இருந்தன. ஆனால் தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் காயப்படுத்தும் உரிமை கிடையாது என்கிறது 37-ஆம் பிரிவு. அவன் தாக்க வரும்போது விழுகிற உதை சட்டத்தின் கணக்கில் போகும். அவன் கீழே விழுந்து கும்பிட்ட பிறகு ‘இது என் மாஸ்டருக்காக’ என்று கொடுக்கிற உதை உங்கள் சொந்தக் கணக்கு.

நடுவரை உதைத்தால் எத்தனை பாயிண்ட்?
*குறும்பன், கோவை*

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் கியூபாவின் ஏஞ்சல் மாட்டோஸ் பரிசோதித்துப் பார்த்தார். 2000 சிட்னியில் தங்கம் வென்றவர். வெண்கலத்துக்கான போட்டியில் காயத்துக்கு அனுமதித்த நேரம் தாண்டிவிட்டது என்று தோற்றதாக அறிவித்ததும், நடுவரின் முகத்திலேயே உதைத்தார். அவருக்கும் பயிற்சியாளருக்கும் ஆயுள் தடை. உதையின் தரத்தில் யாரும் குறை சொல்லவில்லை.

நம்ம சிலம்பமும் அடிமுறையும் இருக்கும்போது கொரியாக்காரன் உதை எதற்கு?
*மண்வாசனை, நாகர்கோவில்*

உங்கள் மாவட்டத்து அடிமுறையை யாராவது ஒழுங்காகச் சொல்லித் தந்தால் தாராளமாக அங்கே போங்கள். கலையின் பிறப்புச் சான்றிதழைவிட, வீட்டுக்குப் பக்கத்தில் நேரத்துக்கு வருகிற நல்ல மாஸ்டர் முக்கியம். டேக்வாண்டோ பரவியதற்குக் காரணம், பெரிய மைதானமும் பணமும் இல்லாதவர்களையும் அது மேடையேற்றியதுதான். ஆப்கானிஸ்தானின் முதல் ஒலிம்பிக் பதக்கம், 2008-இல் ரொஹுல்லா நிக்பாய் வென்ற வெண்கலம். 2016-இல் ஜோர்டானுக்கு முதல் பதக்கமே தங்கமாக வந்தது; ஐவரி கோஸ்ட்டின் முதல் தங்கமும் அதே வருடம். மூன்றுமே டேக்வாண்டோ.

வயது 48, தொந்தி முன்னே போகிறது. இனிமேல் சேர்ந்தால் சிரிப்பார்களா?
*தொந்தி கணபதி, காரைக்குடி*

எட்டு வயது ப்ளூ பெல்ட்டுக்குப் பின்வரிசையில் நின்று, அவன் எண்ணுவதற்கேற்ப ‘ஹனா, துல், செட்’ என்று உதைக்க வேண்டியிருக்கும். அதைத் தாங்கினால் மற்றதெல்லாம் எளிது. முழங்கால், ரத்த அழுத்தம் இரண்டையும் டாக்டரிடம் காட்டிவிட்டுப் போங்கள். வார்ம்அப்பைத் தவிர்த்துவிட்டு நேரே உதைக்கப் போகாதீர்கள், தொடைத்தசை மன்னிக்காது. கால் தலை உயரத்துக்குப் போகவில்லையே என்ற கவலையும் வேண்டாம். தற்காப்புக்கு முழங்கால் உயரம் போதும் என்று மேலே ஓசூர்க்காரருக்கே சொல்லியாயிற்று.

எங்கள் ஏரியாவில் மூன்று கிளப். எதில் மகள்களைச் சேர்ப்பது?
*இரு மகள்களின் அம்மா, திருப்பூர்*

சுவரில் தொங்கும் கோப்பைகளை எண்ணாதீர்கள். ஒரு வகுப்பு முழுக்க உட்கார்ந்து பாருங்கள். கீழே மேட் விரித்திருக்கிறார்களா, வெறும் சிமெண்டா? தலையில் அடிபட்ட குழந்தையை உட்கார வைக்கிறாரா, ‘ஒண்ணுமில்ல, எழுந்திரு’ என்கிறாரா? தொட்டுத் திருத்துவதற்கு முன் குழந்தையிடம் கேட்கிறாரா? உதவிக்குப் பெண் பயிற்சியாளர் உண்டா? பெல்ட் டெஸ்ட் கட்டணத்தைச் சேரும்போதே எழுதித் தருகிறார்களா? ‘பெற்றோர் உள்ளே வரக்கூடாது’ என்று கதவைச் சாத்தும் இடமென்றால் நீங்களும் பர்ஸைச் சாத்திவிட்டு அடுத்த கிளப்புக்கு நடையைக் கட்டுங்கள்.

நேற்று ராத்திரி மூன்று பேர் வம்புக்கு வந்தார்கள். கருப்பு பெல்ட்டான நானே சந்து வழியாக ஓடி வந்துவிட்டேன். இது கேவலம் இல்லையா?
*பெயர் வேண்டாம், திருச்சி*

இரண்டு கையாலும் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள், கையெழுத்துகூட நடுங்கவில்லை. மாஸ்டர் நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.